பழக்கமா, பிரியமா? பல்லாவரம் சந்தையில் எடுத்த பழைய முருகன் சிடிகள்



இன்னைக்குக் கோயில் தகவலோ விரத முறையோ எழுதப் போறதில்ல. ஒரு கேள்வி மட்டும். சின்ன வயசுல வீட்டுல ஓடின பாட்டு மேல நமக்கு இருக்கிற பாசம் உண்மையிலேயே நம்மளோடதா? இல்ல, தினமும் காதுல விழுந்து விழுந்து ஒட்டிக்கிட்ட பழக்கமா?

இதை என்கிட்ட கேட்டது என் சித்தி பையன். காலேஜ் மூணாவது வருஷம் படிக்கிறான். "அண்ணா, பெரியம்மா தினமும் முருகன் கேசட் போட்டாங்க, நீங்க முருக பக்தர் ஆயிட்டீங்க. அவங்க வேற கேசட் போட்டிருந்தா நீங்க வேற ஆள். இதுல உங்களோடதுன்னு என்ன இருக்கு?" கிண்டலுக்குக் கேக்கல. அவனுக்குள்ளயே அது ஓடிட்டு இருக்குன்னு முகத்துல தெரிஞ்சுது. பாட்டைப் பத்தி மட்டும் அவன் கேக்கலைங்க. நெத்தியில வைக்கிற திருநீறு, கிருத்திகை விரதம், கால் இடறினா தானா வாயில வர்ற "முருகா", எல்லாத்தையும் சேர்த்துத்தான் கேட்டான். "போடா, பெரிய கேள்வி கேக்க வந்துட்ட"ன்னு தட்டிவிடலாம். ஆனா நம்மள்ல நிறைய பேருக்கு ராத்திரி தூக்கம் வராதப்போ இதே கேள்வி வந்திருக்கும். பெத்தவங்க கொடுத்த பக்தி எப்போ நம்ம பக்தியா ஆகுது?

எனக்கு இதுக்கு ஒரு பாதி பதில் கிடைச்சது பழைய சிடி குவியல்லதான்.

சென்னைக்காரங்களுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை நல்லாத் தெரியும். செடி, மீன் தொட்டி, பழைய மிக்சி, ரிப்பேர் ஆன டிவி ரிமோட்டு, பித்தளைக் குத்துவிளக்கு, எதுவும் கிடைக்கும். நடுவுல சில பேர் தார்ப்பாயை விரிச்சு சிடிகளைக் கொட்டி வெச்சிருப்பாங்க. பாதிக்கு மேல சினிமா. ஒரே தட்டுல நூத்துக்கும் மேல பாட்டு அடைச்ச எம்பி3 தட்டுகள் நிறைய. கல்யாண வீடியோ சிடி கூட இருக்கும், யாரோட கல்யாணமோ. அதுக்கு அடியில, உறை கிழிஞ்சு, பிளாஸ்டிக் டப்பா உடைஞ்சு, நம்ம ஆட்கள் இருப்பாங்க. டி.எம்.எஸ்., சூலமங்கலம் சகோதரிகள், சீர்காழி கோவிந்தராஜன், பெங்களூர் ரமணி அம்மாள், பித்துக்குளி முருகதாஸ்.

குனிஞ்சு உட்கார்ந்து தேட ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் போறதே தெரியாது. தேடும்போது நான் என் கையைத்தான் கவனிச்சேன். சித்தி பையன் கேள்வி மண்டையில இருந்ததால அப்படிக் கவனிச்சேனோ என்னவோ. பதினாலு வயசுல உயிரா நினைச்ச ஒரு சினிமா ஆல்பம் வந்தது. அதோட கேசட்டை வாங்க டிபன் காசைச் சேர்த்து வெச்சவன் நான். கை அதைப் பார்த்தது, சிரிச்சது, ஓரமா வெச்சிட்டுப் போயிடுச்சு. அடுத்து 'கந்தன் கருணை'. கை நின்னுடுச்சு. (1967ல வந்த படம். இசையமைப்புக்குத் தேசிய விருதுன்னு ஒண்ணு முதல் முறையா கொடுக்கப்பட்டப்போ, அதை இந்தப் படத்துக்காக கே.வி. மகாதேவன்தான் வாங்கினார். முருகன் படத்துக்குக் கிடைச்சதுன்னு நம்ம பசங்க நிறைய பேருக்குத் தெரியாது.) அதுக்கும் அடியில டி.எம்.எஸ். பாடின முருகன் பாட்டுத் தொகுப்பு ஒண்ணு. எங்க வீட்டு கேசட்டுல இருந்த அதே வரிசைப் பாட்டுகள். அட்டையைப் புரட்டிப் பாட்டுப் பட்டியலைப் படிச்சதும் தொண்டை அடைச்சுது. அதை நான் கேட்டு பன்னெண்டு வருஷம் இருக்கும். ஹாஸ்டல், அப்புறம் வேலை, ஊர் மாத்தல். எங்க கேசட் எப்போ, எங்க போச்சுன்னே தெரியாது.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. திரும்பத் திரும்பக் கேட்டதுதான் காரணம்னா, எனக்கு நிர்மா விளம்பரப் பாட்டு மேலதான் அதிக பாசம் இருக்கணும். எந்த முருகன் பாட்டையும் விட அதை நான் அதிக தடவை கேட்டிருக்கேன். இப்பவும் முழுசா பாடுவேன். எங்கேயாவது கேட்டா ஒரு சிரிப்பு வரும், அவ்வளவுதான். அதைக் கேக்கறதுக்குன்னு விளக்கை அணைச்சிட்டு யாரும் உட்கார மாட்டோம். பழக்கம் மனப்பாடத்தைக் கொடுக்கும். பாசத்துக்கு வேற ஏதோ வேணும். அதே வீடு, அதே வருஷங்கள், அதே காது. உள்ளே போனதுல பாதி உதிர்ந்துடுச்சு, சிலது மட்டும் தங்கிடுச்சு. அந்தப் பன்னெண்டு வருஷ இடைவெளியில என்னைப் பழக்க யாரும் இல்ல. அம்மா போட்டப்போ அது எனக்குக் கொடுக்கப்பட்டது. தார்ப்பாய்ல குனிஞ்சு உட்கார்ந்து எடுத்தப்போ எடுத்தவன் நான்.

இதோட முடிச்சிருந்தா நல்லா இருக்கும். ஆனா வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டப்போ வேற ஒரு சிக்கல் ஆரம்பிச்சது.

முதல்ல, போடறதுக்கு எதுவும் இல்ல. இப்ப வர்ற லேப்டாப்ல ஏது சிடி டிரைவ்? அதே சந்தையில ஒரு பழைய டிவிடி பிளேயரையும் தூக்கிட்டு வந்தேன். போட்டதும் டி.எம்.எஸ். குரல் வந்தது. ஆனா இது அவர் இல்லையேன்னு தோணிச்சு. குரல் ஒரு சுருதி மேல இருந்த மாதிரி, பாட்டு கொஞ்சம் அவசரமா ஓடற மாதிரி. மூணு தடவை கேட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. எங்க வீட்டு டேப் ரெக்கார்டர்ல பெல்ட் தளர்ந்து போயிருந்தது. பெல்ட் தளர்ந்தா நாடா மெதுவா நகரும். பாட்டு மெதுவாகும், சுருதியும் இறங்கும். சிடியில அந்தப் பேச்சே கிடையாது. உள்ளே ஒரு படிகம் நேரத்தை அளந்து கொடுக்க, எந்த பிளேயர்ல போட்டாலும் ஒரே வேகம். ஆக, சிடியில இருக்கறதுதான் டி.எம்.எஸ். நிஜமா பாடினதுக்குக் கிட்ட இருக்கு. வருஷக்கணக்கா நான் உருகிக் கேட்டது, ஒரு ரப்பர் பெல்ட்டோட தளர்ச்சியும் சேர்ந்த பாட்டு!

அப்போ நான் எதை நேசிச்சேன்? டி.எம்.எஸ்.ஸையா, அந்தப் பெல்ட்டையா?

சித்தி பையன் பக்கத்துல இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான். ஆனா இது சிரிச்சிட்டுப் போற விஷயம்னு எனக்குத் தோணல. சிடி தட்டு வேலை செய்யற விதத்தையே பாருங்க. தட்டுல கீறல் விழுந்தா அங்க இருந்த தகவல் போயிடும். ஆனா பதிவு பண்ணும்போதே தகவலைப் பிரிச்சுக் கலைச்சு, சரிபார்க்கிற கணக்கோட பல இடத்துல பரப்பி வெச்சிருப்பாங்க. அதனால ரெண்டு மில்லிமீட்டர் அளவுக்குப் பாதை அழிஞ்சாலும் மீதியை வெச்சு அசலை அப்படியே மீட்டுடும். அதையும் தாண்டிச் சேதம்னா பிளேயர் ஊகிக்கும். காணாமப் போனதுக்கு முன்னாடி என்ன இருந்தது, பின்னாடி என்ன இருக்குன்னு பார்த்து நடுவுல ஒண்ணை இட்டு நிரப்பும். நாம கேட்டுட்டே இருப்போம், இட்டு நிரப்பினதுன்னு தெரியவே தெரியாது. என் ஞாபகமும் இதைத்தான் பண்ணியிருக்கு. ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் ஒரு புல்லாங்குழல் வரும்னு சத்தியம் பண்ணியிருப்பேன். சிடியில அங்க குழல் இல்ல. குக்கர் விசில் வந்திருக்குமோ அந்த இடத்துல? தெரியல. அடுக்களையில அம்மா, கூடத்துல டேப், நடுவுல ஒரு சுவர். அந்தச் சுவர் வழியா வந்ததுதான் எனக்குப் பாட்டு.

நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். அசல் பாட்டு ஒண்ணு வெளியே இருக்கு. அதுக்குப் பெல்ட்டும் கிடையாது, குக்கரும் கிடையாது. நான் அதுக்கிட்ட போன வழியில அதெல்லாம் இருந்தது. இன்னைக்குச் சரியான வேகத்துல கேட்டும் பாட்டு கசக்கல. நாலாவது தடவை கேக்கும்போது கண்ணு கலங்கிடுச்சு. வெறும் பழக்கமா இருந்திருந்தா, பழகின மாதிரி இல்லாததை மனசு தள்ளிவிட்டிருக்கணும் இல்லையா? தள்ளிவிடலையே.

இதைச் சொன்னதுக்கு அப்புறமும் தம்பி விடல. "சரி அண்ணா, ஆனா வேற வீட்டுல பிறந்திருந்தா?" ஆமா, வேற வீட்டுல பிறந்திருந்தா வேற பாட்டுக்குக் கண்ணு கலங்கியிருக்கும். இதை நான் மறுக்கல, மறுக்கவும் கூடாது. ஆனா வேற வீட்டுல பிறந்திருந்தா தமிழும்தான் தெரிஞ்சிருக்காது. அதுக்காக நான் பேசற தமிழ் என்னோடது இல்லைன்னு ஆயிடுமா? எங்கிருந்து வந்ததுங்கறது ஒரு கேள்வி. வந்ததை வெச்சு நாம என்ன பண்றோம்ங்கறது வேற கேள்வி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறதாலதான் இந்த வயசுல இவ்வளவு சஞ்சலம்.

இந்த இடத்துல எனக்கு ரெண்டு பேர் ஞாபகம் வருவாங்க. வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை, அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை. அருணகிரிநாதர் 16,000 திருப்புகழ் பாடினார்னு சொல்வாங்க. 19ஆம் நூற்றாண்டுல அதெல்லாம் ஏடுகளா அங்கங்க சிதறிக் கிடந்தது. முன்சீப்பா இருந்த சுப்பிரமணிய பிள்ளை, ஒரு வழக்குல தில்லை தீட்சிதர்கள் ஆதாரமா காட்டின திருப்புகழ் அடிகளைக் கேட்டு மயங்கி, ஊர் ஊரா ஏடு தேடினார்னு சொல்லப்படுது. அவர் பதிப்பிச்சதாலதான் இன்னைக்கு நம்ம கையில சுமார் 1,300 பாட்டு இருக்கு. தார்ப்பாய்ல சிடி தேடறவன் எங்கே, அவர் எங்கே! ஆனா நான் நினைக்கறது மகனைப் பத்தி. செங்கல்வராய பிள்ளைக்குத் திருப்புகழ் அப்பா வீட்டுல காதுல விழுந்த விஷயம்தான். எங்க வீட்டு கேசட் மாதிரியே. அவர் அந்தப் பாட்டுகளுக்கு உரை எழுத வருஷக்கணக்கா உட்கார்ந்தார். "அப்பா பழக்கிவிட்டார், அதனால எழுதினார்"னு அவரைப் பத்தி யாராவது சொல்வாங்களா?

எல்லாருக்கும் இப்படி நடக்கணும்னு இல்ல. நான் எடுத்த சிடிகள்ல ஒண்ணுல மார்க்கர் பேனாவால "அம்மாவுக்கு" அப்படின்னு மட்டும் எழுதியிருந்தது. அந்த அம்மா இப்போ இருக்காங்களா தெரியல. வீடு மாத்தும்போது பழைய பேப்பரோட போட்டிருப்பாங்க. போட்டவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல. அவங்க கைக்கு அது நிக்கல, அவ்வளவுதான். அவங்களுக்கு வேற ஏதோ ஒரு குவியல்ல வேற ஏதாவது காத்திருக்கலாம். என் வீட்டுல இப்போ அந்தச் சிடி செவ்வாய்க்கிழமைகள்ல ஓடுது. எழுத்தை அழிக்கல.

சித்தி பையன் இன்னும் முழுசா ஒத்துக்கல. "பாதி பதில்தான் அண்ணா"ன்னான். சரி, பாதியே இருக்கட்டும்.

தேடப் போறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். காலையிலேயே போயிடுங்க, பத்து மணிக்கு மேல வெயில்ல தட்டு சூடாயிடும், கூட்டமும் தாங்காது. வாங்கறதுக்கு முன்னாடி தட்டை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. பளபளன்னு இருக்கிற அடிப்பக்கத்துல லேசான கீறல் இருந்தா பயம் இல்ல, அநேகமா ஓடும். படம் அச்சடிச்ச மேல்பக்கத்துல ஆழமான கீறல் இருந்தா வாங்காதீங்க. அலுமினியப் படலம் அந்தப் பக்கம்தான், மெல்லிசா ஒரு பூச்சுக்குக் கீழ இருக்கு. ஊசி குத்தின மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா அங்க பாட்டு போயிடுச்சுன்னு அர்த்தம். எம்பி3 தட்டா, ஆடியோ தட்டான்னு கேட்டு வாங்குங்க. உடைஞ்ச டப்பாவைப் பத்திக் கவலைப்படாதீங்க.

பல்லாவரத்துல இருந்து ஒரே ஸ்டேஷன்தான் குரோம்பேட்டை. குமரன் குன்றம் ஏறி ஒரு கும்பிடு போட்டுட்டு வரலாம். நான் சிடிப் பையோடதான் ஏறினேன்.

வேலும் மயிலும் துணை.