11-ம் எண் கூண்டு

எல்லாம் விதிப்படிதான் என்றால் கப்பலைக் கட்டும் வடம் எதற்கு? அறத்துப்பாலை ‘ஊழ்’ என்ற 38-வது அதிகாரத்தோடு முடித்து, ஊழைவிட வலியது எதுவுமில்லை என்கிறார் வள்ளுவர். பொருட்பாலுக்கு வந்து 62-வது அதிகாரமான ‘ஆள்வினையுடைமை’யில், தளராத முயற்சிக்கு ஊழும் தோற்கும் என்கிறார். இது முரண் அல்ல, வெவ்வேறு நேரத்துக்கு உரிய இரண்டு பேச்சு என்பது என் எண்ணம். வங்கக் கடலில் புயல் சின்னம் வலுக்கும்போது துறைமுகம் செய்யும் வேலைகளைப் பார்த்தால் இது விளங்கும்.

புயல் நெருங்கினால் கப்பல்களை ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடைக்கலம் தர வேண்டிய இடமே வெளியே தள்ளுகிறதே என்று தோன்றும். ஆனால் கட்டிக் கிடக்கும் கப்பல் அலையோடு எழும்பி எழும்பித் தளத்துச் சுவரில் மோதும், வடம் அறும். திறந்த கடலிலோ எஞ்சினை இயக்கி அலைக்கு முகம் கொடுக்கலாம், புயலின் பாதையை விட்டு விலகியும் போகலாம். இங்கே கிரேன்களைத் தரையோடு பிணைக்கிறார்கள், கன்டெய்னர் அடுக்குகளின் உயரத்தைக் குறைக்கிறார்கள். பிறகு துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள். 8, 9, 10 மூன்றும் ஒரே அளவு பேராபத்தைத்தான் சொல்கின்றன. புயல் துறைமுகத்தை இடப்புறம் விட்டுக் கடந்தால் 8, வலப்புறம் விட்டால் 9, துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ வந்தால் 10. அதற்கு மேல் 11 வேறு வகை: வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். ‘இனி எங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்பதற்கும் ஒரு கூண்டு வைத்திருக்கிறார்கள்! மனித அறிவு ஓரிடத்தில் நின்றுபோகும் என்பதை ஒப்புக்கொண்டு, அந்த இடம் வருவதற்குள் செய்ய வேண்டியதைச் செய்து முடிப்பதே ஆள்வினை. ஊழ் என்ற சொல்லுக்கு அதன் பிறகுதான் உரிமை உண்டு. அதற்கு முன் சொன்னால், நம் அசட்டையைக் கடவுள் கணக்கில் எழுதுகிறோம். முன்னேற்பாடு இறைவன்மீது அவநம்பிக்கை என்று சொல்பவர்களுக்கும் என் பதில் இதுதான்.

கட்டியதும் போகிறது, கட்டாததும் பிழைக்கிறது, பிறகு முயற்சிக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. 2012 அக்டோபர் 31-ல் நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த நாளில், சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ‘பிரதிபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பல் அடித்துவரப்பட்டு பெசன்ட் நகர் கடற்கரையில் தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களில் சிலர் படகு கவிழ்ந்து மாண்டார்கள். கப்பலிலேயே இருந்தவர்கள் பிழைத்தார்கள். சில நாளில் கப்பலும் மீண்டது. முடிவை மட்டும் வைத்து அளந்தால், இறங்கியவர்கள் செய்தது பிழை என்றாகும். அது பெரிய அநியாயம். கப்பல் கைமீறிப் போகிறது என்பது மட்டுமே அந்த நேரத்தில் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. விசாரிக்க வேண்டியது அந்த மணிநேரத்தை அல்ல, அதற்கு முந்திய நாட்களை. விலகிப் போக நேரம் இருந்தபோது அந்தக் கப்பல் ஏன் விலகவில்லை, எந்த முடிவை யார் எடுக்காமல் விட்டார்கள்? இதற்கு விடை தெரியாமல் அந்த மரணங்களை விதி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.