உடலைச் சோதனைக்கு ஈதல் தகுமோ?

நுரையீரற் புற்றுநோயுற்ற ஒருவர் மருத்துவச் சோதனையில் சேரலாமோ? "ஏழையின் உடலைப் பரிசோதனைப் பண்டமாக்குகின்றனர்" என்பார் ஒரு சாரார். "மருத்துவர் சொல்லே வேதவாக்கு" என்பார் மற்றொரு சாரார். இரண்டும் ஆராயாது கொண்ட முடிபுகளே.

சோதனையாவது யாது? இரு சிகிச்சைகளுள் எது சிறந்ததென எவரும் உறுதியாய் அறியாதபோது, நோயாளரைச் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையால் இரு பிரிவாக்கிப் பயனை ஒப்பிடுதலாம். அறியாமையை மறைத்தல் பிழை. ஒப்புக்கொண்டு ஆராய்தல் அறம்.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 2016 முதல் 2018 வரை, ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் மாற்றமுடைய நுரையீரற் புற்றுநோயாளர் 350 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு கெஃபிடினிப் மாத்திரை மட்டும் அளித்தனர். மற்றவர்க்கு அதனோடு பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் மருந்துகளும் ஏற்றினர். 2019இல் முடிவு வெளியாயிற்று. நோய் பெருகாது அடங்கியிருந்த காலத்தின் இடைநிலை அளவு முன்னவர்க்கு 8 மாதம். பின்னவர்க்கு 16 மாதம். ஆயின் கடும் பக்கவிளைவு முன்னவருள் நூற்றுக்கு 25 பேர்க்கும், பின்னவருள் 51 பேர்க்கும் நேர்ந்தது. நன்மையும் துன்பமும் ஒருங்கே வந்தன. ஒன்றைமட்டும் எடுத்துரைப்பவன் பாதிப் பொய் உரைப்பவனாவான்.

இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007இல் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் அதில் பதிதல் கட்டாயமாயிற்று. எவரும் இணையத்தில் கட்டணமின்றிக் காணலாம். எம்மருத்துவமனையில் நடக்கிறது, எவர் சேரலாம், எவர் சேரலாகாது என்பன அதிலுள. படிக்க இயலாதார் பிள்ளைகளைக் கொண்டு படிப்பிக்கலாம். ஓசூர்ச் சாலையிலுள்ள கிட்வாய் நிலையம் போன்ற இடங்களில் மருத்துவரையே வினவலாம்.

வினவத்தக்கன இவை: என் நோய் எவ்வகையது? மரபணுச் சோதனை செய்தாயிற்றா? சேராவிடில் என்ன சிகிச்சை கிடைக்கும்? செலவு யாருடையது? தீங்கு நேரின் என்ன வழி? சோதனையால் தீங்குற்றார்க்கு இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டென 2019ஆம் ஆண்டு விதிகள் கூறும். எழுத்தறியாதார் இசையும்போது சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும். இடையில் விலகவும் உரிமையுண்டு. அதனால் சிகிச்சை மறுக்கப்படலாகாது.

ஆலையில் புதுத்தறியை ஓட்டிப் பார்ப்போர் தறியின் இசைவைக் கேட்பதில்லை. மனிதன் தறியல்லன். விளங்காமல் இட்ட கைநாட்டு இசைவாகாது. பயன் தனக்கின்றிப் பின்வருவோர்க்கே ஆகலாம் என்றறிந்து சேர்பவர் செய்வதே கொடை. அறியாமல் சேர்க்கப்பட்டவரிடம் நிகழ்வது பறித்தல். ஆராய்ந்து மறுத்தவர்க்கும் பழியில்லை. ஆதலின் அன்பர்களே, நோயாளரின் பக்கத்திலிருந்து அவர்க்காக முடிவு செய்யாதீர்; அவர் வினவத் துணைநில்லுங்கள்.