பசையைக் காய்ச்சு, முகத்தைச் செய்!

வெனிஸ் நகரத்து முகமூடிகளைப் படத்தில் பார்த்து வாய்பிளந்து நிற்கிறாயே தம்பி, அந்த ஊர்க் கதை உனக்குத் தெரியுமா? 1436ஆம் ஆண்டிலேயே முகமூடி செய்பவர்களுக்கென்று தனிச் சட்டம் எழுதி வைத்த ஊர் அது. பிரபுவும் சாமானியனும் ஒரே மாதிரி வெள்ளை முகத்தை மாட்டிக்கொண்டு ஒரே தெருவில் நடந்த ஊர். 1797இல் நெப்போலியன் வந்தான். குடியரசு கவிழ்ந்தது. அந்த முகமூடித் திருவிழாவான கார்னிவல் ஒடுங்கியது. முகமூடித் தொழிலும் படுத்துவிட்டது. அதன்பின் ஏறக்குறைய 180 ஆண்டுகள்! தாத்தாவிடம் கற்ற அப்பன் இல்லை, அப்பனிடம் கற்ற மகன் இல்லை. 1970களில் அங்கே இளைஞர்கள் சிலர் களிமண்ணையும் காகிதத்தையும் பசையையும் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள். 1979இல் கார்னிவல் உயிர்பெற்றது. இன்று உலகமே விலைகொடுத்து வாங்கும் அந்த முகங்கள், பரம்பரை அறுந்துபோன பிறகு துணிந்து தொடங்கியவர்களின் கைவேலை.

இப்போது சொல். கற்றுத்தர ஆளில்லை என்கிறாயே, அது காரணமா, சாக்கா?

உனக்கு அந்தக் குறைகூடக் கிடையாது. சித்தூரிலோ புத்தூரிலோ நகரியிலோ திருப்பதியிலோ பிறந்த பிள்ளை நீ. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு என்று வளர்ந்தவன். வேஷம் போடுவதையே வழிபாடாக வைத்திருக்கும் மண் உன்னுடையது. மே மாதம் வந்தால் திருப்பதியில் தாத்தையகுண்ட கங்கம்மா ஜாத்திரை. ஊர்ப் பெண்களை நாசம்செய்த பாளையக்காரனை அழிக்க வந்தவள் கங்கம்மா. அவன் ஓடி ஒளிந்தான். அவள் விட்டாளா? நாளுக்கொரு வேஷம் போட்டுத் தேடினாள். கடைசியில் துரை வேஷத்தில் போய் நின்றபோது, பெரிய மனிதர் யாரோ வந்திருக்கிறார் என்று வணங்க வெளியே வந்தான். தலை உருண்டது. அந்தத் தேடலைத்தான் ஜாத்திரை நாட்களில் திருப்பதித் தெருக்கள் திரும்ப நடத்துகின்றன. பைராகி வேஷத்துக்கு உடம்பெல்லாம் வெள்ளை, பண்ட வேஷத்துக்குக் குங்குமச் சிவப்பு, தோட்டி வேஷத்துக்குக் கரிக் கறுப்பு, துரை வேஷத்துக்குச் சந்தனம். கைகாலக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அம்மனின் வேஷத்தைத் தாங்குகிறார்கள். மீசை வைத்த ஆண்பிள்ளை சேலை கட்டி, சவுரி வைத்துப் பின்னி, பூவைத்து நடுத்தெருவில் நடக்கிறான். ஒருவனும் சிரிப்பதில்லை, கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அந்தத் தெருவில் பிறந்துவிட்டு, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று நடுங்குவது உனக்கு அழகா?

ஜாத்திரையின் கடைசி இரவுக்கு வா. கோயில் முன்னால் களிமண்ணைக் குழைத்துப் பிரம்மாண்டமாய் அம்மனின் முகத்தை எழுப்புகிறார்கள். விஸ்வரூபம் என்று பெயர். புதன்கிழமை விடியும் நேரத்தில், பேரண்டாலு வேஷத்தில் வருபவர் அந்த முகத்தைக் கலைக்கிறார். கலைந்த மண்ணைப் பிரசாதமாக வாங்கிக்கொள்ளக் கூட்டம் முண்டியடிக்கிறது. இத்தனை உழைப்பில் உருவான முகத்தை விடிந்ததும் கலைக்கும் துணிவைப் பார். மறுவருஷம் மறுபடி செய்யும் கை இருக்கிறது என்ற நம்பிக்கை அது! நீயோ முதல் முகமூடி கோணலாக வந்தால் என்ன செய்வது என்று தொடங்காமலே உட்கார்ந்திருக்கிறாய்.

கோணலாகத்தான் வரும். வரட்டும். அடுத்ததைச் செய்.

வேலையைச் சொல்கிறேன், கேள். பலகைமேல் களிமண்ணில் முகம் பிடி. மூக்குத் தண்டும் புருவமும் கொஞ்சம் மிகையாகவே இருக்கட்டும். காகிதம் ஏறினால் மழுங்கிவிடும். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றிக் குழி அச்சு எடு. வெனிஸ்காரர்களின் சூட்சுமம் இதுதான்: காகிதத்தை முகத்தின் மேல் ஒட்டாமல் அச்சின் உள்ளே அழுத்துகிறார்கள். அதனால் வெளிப்புறம் கூர்மையாக வருகிறது, ஓர் அச்சில் பல முகங்கள் எடுக்கலாம். அச்சு நன்றாகக் காய்ந்ததும் உள்ளே வாசலின் தடவு. மைதாப் பசை காய்ச்சு. பைண்டிங் கடையில் செய்வதுபோல் துளி மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது. அது விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வை. பேப்பரைக் கத்தரியால் வெட்டாதே, கையால் கிழி. கிழிந்த விளிம்பு பசையில் கரைந்து ஒன்றோடொன்று சேரும், வெட்டிய விளிம்பு கோடாக நிற்கும். ஓர் அடுக்கு செய்தித்தாள், அடுத்தது பழுப்புக் காகிதம் என்று மாற்றி மாற்றி வை. எங்கே விட்டுப்போனது என்று கண்ணே சொல்லிவிடும். ஆறேழு அடுக்கு ஆனதும் நிழலில் காயவிடு. நம் ஊர் வெயிலில் அவசரப்பட்டு வைத்தால் முறுக்கிக்கொள்ளும்.

காய்ந்ததை எடுத்துக் கண் திறக்கும்போது கை நடுங்கும். நடுங்கினால்தான் அக்கறை இருக்கிறது என்று பொருள். பிளேடால் மெல்ல அறு. பிறகு சாக்பவுடரும் பெவிகாலும் குழைத்துப் பூசி, உப்புத்தாளால் தேய். மறுபடி பூசு, மறுபடி தேய். விரலை ஓட்டினால் காகிதத்தின் ஒட்டு தட்டுப்படாமல் போகும் வரைக்கும் விடாதே. பலர் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். வண்ணம் அடிக்கும் அவசரத்தில் தேய்ப்பதைப் பாதியில் விடுகிறார்கள். பளபளப்பான பெயிண்ட் ஒரு குறையையும் மறைக்காது, ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

வண்ணத்துக்கு வெனிஸைக் காப்பியடிக்காதே. பைராகியின் வெள்ளை, பண்டனின் சிவப்பு, தோட்டியின் கறுப்பு உன் வாசலில் கிடக்கின்றன. ஓரத்துக்குக் காளஹஸ்தியின் துணி ஓவியமான கலம்காரியின் கொடியும் மயிலும் இருக்கின்றன. அம்மனின் திருமுகத்தை மட்டும் சுவர் அலங்காரமாக்கி விற்காதே. அது வேறு, இது வேறு என்ற மரியாதை கலைஞனுக்கு வேண்டும்.

அந்தக் கலம்காரியும் அழிவின் விளிம்புக்குப் போனதுதான். 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாய் முன்னின்று முயன்றார், காளஹஸ்தியில் பயிற்சி நிலையம் வந்தது, மூங்கில் குச்சிப் பேனா பிள்ளைகள் கைக்கு ஏறியது. அந்த ஊர் ஜொன்னலகட்ட குரப்பச் செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. முகமூடியும் நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூர் மெலட்டூரில் இன்றும் நரசிம்மர் முகமூடியைப் பூஜையில் வைத்துக் காக்கிறார்கள். அதை அணிந்து ஆடும் பாகவத மேளா நாடகத்தில் பாட்டெல்லாம் தெலுங்கு. நீ பேசும் இரண்டு மொழிகளும் முகமூடிக்குள் ஏற்கெனவே கலந்து கிடக்கின்றன.

திருவிழாக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் புலி முகத்தை இன்னும் எத்தனை காலம் நம் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவது? அதற்குப் பக்கத்தில் உன் கையால் செய்த முகம் தொங்க வேண்டும். தம்பி, தங்கச்சி, அடுத்த மே மாதம் ஜாத்திரை வருகிறது. அதற்குள் பத்து முகமாவது செய்துபார். பழைய பேப்பர் வீட்டில் இருக்கிறது. மைதா மளிகைக்கடையில் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரியே அடுப்பைப் பற்றவை!