நாக்கைப் பார்த்தா, கத்தியைப் பார்த்தா?

திருச்சியில் ஒரு டாட்டூ கடைக்கு 2024 டிசம்பரில் மாநகராட்சி சீல் வைத்தது ஞாபகம் இருக்கிறதா? இளைஞர்களின் நாக்கைப் பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்துவிட்டு, அதை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமிலும் போட்டார்கள். டாக்டர் படிப்பெல்லாம் கிடையாது. இரண்டு பேர் கைதானார்கள். செய்தியைப் படித்தவர்களில் பலர் ‘நல்லா வேணும்’ என்றார்கள். நானும்தான்.

அப்புறம் யோசித்தேன். எதைப் பார்த்து அப்படிச் சொன்னேன்? கத்தியைப் பார்த்தா, நாக்கைப் பார்த்தா?

இரண்டும் ஒன்றல்ல சார். படிக்காதவர் சதையை அறுப்பது ஆபத்து. பிளந்த நாக்கு எனக்கு அருவருப்பு, அவ்வளவுதான். ஆபத்தைத் தடுப்பது அரசாங்கத்தின் வேலை. என் அருவருப்புக்கு வைத்தியம் பார்ப்பதும் அதன் வேலையா?

‘என் உடம்பு, என் இஷ்டம்’ என்று ஒரு பையன் சொன்னால், தோளில் டிராகன் குத்துவானோ, காதலி பேரைக் குத்துவானோ, நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். (பேர் வேண்டாம் தம்பி என்று மட்டும் சொல்லிப் பார்ப்பேன்.) ஆனால், ஊசி விஷயத்தில் இந்த வாதம் செல்லாது. அவனுக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்தவரின் ரத்தம் அதில் இருக்கலாம். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே காய்ந்துபோன ரத்தத்திலும் குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஊசி புதுசா, மை ஆளுக்குத் தனியா, கருவிகளைச் சுத்தம் செய்கிற ஆட்டோகிளேவ் நிஜமாகவே வேலை செய்கிறதா, சும்மா அலங்காரத்துக்கு உட்கார்ந்திருக்கிறதா? இதையெல்லாம் காசு கொடுத்துவிட்டுக் கையை நீட்டுகிறவனால் சோதிக்க முடியாது. அவனுக்காகப் பார்க்கத்தான் சுகாதார ஆய்வாளர்.

அருவருப்பும் ஆபத்தும் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் நல்ல உதாரணம். 1961-ல் மஞ்சள் காமாலை பயத்தில் அந்த நகரத்தின் சுகாதாரத் துறை பச்சை குத்துவதையே தடை செய்தது. கோனி ஐலண்டில் கடை வைத்திருந்த ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். சுத்தமாகச் செய்தால் ஆபத்தில்லை, சோதனை போடுங்கள், தடை எதற்கு என்பது வாதம். 1964-ல் மேல்முறையீட்டு நீதிபதிகள் சுகாதாரத்தைப் பற்றிப் பேசியதோடு விடவில்லை. பச்சை குத்துவது காட்டுமிராண்டிக் காலத்தின் மிச்சம், மனக்கோளாறு உள்ளவர்களோடு அடிக்கடி சேர்ந்தே வருவது என்கிற ரீதியில் தீர்ப்பில் எழுதினார்கள். ஊசிக்குப் போட்ட வழக்கில் ஆளுக்கு மார்க்! 1966-ல் மாநில உச்ச அமர்வும் தடை செல்லும் என்றது.

பச்சை குத்துவது நின்றதா? கடையிலிருந்து ஃபிளாட்டுக்குள் போனது. கதவைச் சாத்திக்கொண்டு குத்தினார்கள். அங்கே எந்த ஆய்வாளர் போய் ஊசியைப் பார்ப்பார்? 1997-ல்தான் தடையை எடுத்து, லைசென்ஸ் முறைக்கு வந்தார்கள். 36 வருடம்!

திருச்சிக் கடைக்கு சீல் வைத்தது சரிதான். நாக்கில் கத்தி வைப்பது அறுவை சிகிச்சை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் சந்தேகம் வேறு. நமக்கு அருவருப்பே வராத இடத்தில் நாம் ஊசியைப் பார்க்கிறோமா?

குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. மாமன் மடியில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை. ‘என் உடம்பு, என் இஷ்டம்’ என்று சொல்ல அதற்கு வாய் இல்லை, அலற மட்டும்தான் தெரியும். ஆசாரி முந்தின குழந்தைக்குக் குத்திய கையோடு இந்தப் பக்கம் திரும்புகிறார். கம்பியைக் கொதிக்க வைத்தாரா, கையைக் கழுவினாரா? டாட்டூ கடைக்காரரிடம் கேட்கச் சொல்கிற கேள்வியை இவரிடம் கேட்டால், ‘எத்தனை தலைமுறையா குத்தறோம், எனக்கே காது குத்தறியா?’ என்பார். பெரியவர்களும் முறைப்பார்கள்.

போன தடவை எங்கள் வீட்டு விசேஷத்தில் நானும் கேட்கவில்லை. முதல் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள்.