பாலத்தில் வாங்கிய சம்மன்

 

நான் ஆலிமல்ல, கடை வைத்துப் பிழைப்பவன். ஓதியதும் படித்ததும் கொஞ்சமே. ஆயினும் என் தலையில் வந்து விழுந்த காரியத்தைச் சொல்ல ஆலிமாக இருக்க வேண்டியதில்லையல்லவா?

ஒரு வெள்ளிக்கிழமை பட்டர்வொர்த்தில் பாக்கி வசூலித்துவிட்டுப் புறப்படத் தாமதமாகிவிட்டது. கப்பித்தான் கிளிங் பள்ளியில் ஜும்ஆ தவறிவிடுமே என்று பினாங்குப் பாலத்தில் வேனை விரட்டினேன். மணிக்கு 80 கிலோமீட்டர் அனுமதித்த இடத்தில் 112. சில நாளில் சம்மன் வந்தது. வேன் நம்பர், நாள், மணி, வேகம், படம், ஒன்றும் விடுபடவில்லை. அபராதம் 300 வெள்ளி.

கடைக்காரன் புத்தி முதலில் கணக்கைத்தானே போடும்! பாலம் 13.5 கிலோமீட்டர். முழுத் தூரமும் 112-இல் ஓட்டினாலும் லாபம் மூன்று நிமிடம்கூட இல்லை.

"ஜும்ஆவுக்காகத்தானே விரைந்தேன், விரையும்படி திருமறையே சொல்கிறதே" என்று மனம் சமாதானம் பேசிற்று. மெய்தான். ஆனால் அதே ஆயத்தில் வியாபாரத்தை விட்டுவிடும்படியும் இருக்கிறதே, நான் விட்டேனா? கடைசிப் பாக்கிக்காக அரைமணி நேரம் நின்றேன். இகாமத் கேட்டாலும் ஓடாமல் அமைதியாக நடந்து வரும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. காலால் ஓடுவதற்கே இப்படியென்றால், மோட்டார் சைக்கிள்காரர்களை நடுங்க வைத்து வேனில் ஓடியதற்கு எந்த ஹதீதைக் காட்டுவேன்?

இத்துடன் நின்றிருந்தால் நல்லது. சம்மன் வாகனச் சொந்தக்காரர் பேருக்கு வரும். ஓட்டியவர் வேறாளானால் அவர் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். என் பேரில் முன்பே இரண்டு சம்மன் உண்டு. கடைப் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, அன்றைக்கு நீ ஓட்டியதாக எழுதிவிடுவோமா? காசு நான் கட்டிவிடுகிறேன்" என்றேன். அவன் தலை குனிந்து, "முதலாளி சொன்னால் சரி" என்றான். நம்மிடம் சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன சொல்வான்?

அன்றிரவு சூரத்துன்னிஸா ஓதுகையில் 112-ஆவது ஆயத்தில் நாக்கு நின்றுவிட்டது. (சம்மனில் கண்ட அதே எண்!) தன் பாவத்தைக் குற்றமற்றவன் மேல் போடுகிறவன் அவதூறையும் பகிரங்கப் பாவத்தையும் சுமக்கிறான் என்பது அதன் கருத்து. தப்ஸீர்களில் வரும் வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மதீனாவில் துஃமா என்பவன் ஒரு கவசத்தைத் திருடி மாவு மூட்டையில் கொண்டு போனான். மூட்டை ஓட்டை, வழி நெடுக மாவு சிந்திற்று. பழியை ஒரு யூதர் மேல் போட்டான். அவனுடைய சனங்களும் அவனுக்காகவே பேசினார்கள். அல்லாஹு தஆலாவோ முஸ்லிமல்லாத அந்த மனிதரை நிரபராதியென்று விளக்கி ஆயத்துகளை இறக்கினான். யூதருக்கே அந்த நியாயமென்றால், என் கடையில் மூட்டை சுமக்கும் பிள்ளைக்கு?

மறுநாளே என் பேரில் கட்டினேன். முன்பெல்லாம் போலீஸ் கழிவு அறிவிக்கட்டுமென்று சம்மன்களை மேசையில் பூட்டி வைப்போம். 2026 ஜனவரி 1 முதல் 15 நாளுக்குள் கட்டினால்தான் பாதி. 30 நாளுக்குள் மூன்றிலொன்று. பிறகு கழிவில்லை, 60 நாள் கடந்தால் கோர்ட். தௌபாவையும் நாம் இப்படித்தான் பூட்டி வைக்கிறோம், அதற்கோ கடைசி நாள் எதுவென்று அச்சிட்டு வருவதில்லை.

150 வெள்ளியோடு போயிற்று. ஆனால் தம்பியிடம் மாப்புக் கேட்பதுதான் கஷ்டமாயிருந்தது. மற்ற ஆட்கள் பார்க்கத்தான் கேட்டேன். "பரவாயில்லை முதலாளி" என்றவன், சற்றுப் பொறுத்து, "உம்மாவிடம் சொல்லி அழுதேன்" என்றான்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்கே கதவைப் பாதி இறக்கிவிடுகிறேன். பட்டர்வொர்த் பாக்கி சனிக்கிழமைக்கு.