இருபத்தெட்டு பவுண்டில் ஒரு கோடு

சம்பளம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய், தம்பி? சம்பளம் கூடத்தான் செய்தது. அதோடு வண்டி பெரிதானது, கைப்பேசி புதிதானது, தவணைகள் பெருகின. இருபதாம் தேதி ஆனால் கையைப் பிசையும் பழக்கம் மட்டும் உன்னை விட்டுப் போகவில்லை. உன் செலவுக்கு எல்லை எது என்பதை நீ இதுவரை முடிவு செய்ததே கிடையாது. கடைக்காரரும் வங்கிக்காரரும் உனக்காக முடிவு செய்துவிட்டார்கள். அந்த அதிகாரத்தை அவர்கள் கையிலிருந்து பிடுங்கு! உன்னால் முடியும்.

முடியும் என்பதற்கு ஜான் வெஸ்லி சாட்சி. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கியவர். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்த சபைகளில் மெதடிஸ்டு சபையும் ஒன்று என்பதால், நம்மூர் ஆலயங்கள் பலவற்றுக்கும் அவர் ஒரு மூதாதை. ஆக்ஸ்போர்டில் வாழ்ந்த ஓர் இளைஞரின் கணக்கைத் தம் பிரசங்கம் ஒன்றில் அவர் சொல்கிறார். முதல் ஆண்டு வருமானம் 30 பவுண்டு. 28 பவுண்டில் வாழ்ந்தார், 2 பவுண்டைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு 60 பவுண்டு வந்தது. அப்போதும் 28இல் வாழ்ந்தார், 32ஐக் கொடுத்தார். மூன்றாம் ஆண்டு 90. கொடுத்தது 62. நான்காம் ஆண்டு 120. வாழ்க்கைச் செலவு அதே 28தான்; ஏழைகளுக்குப் போனது 92. பெயர் சொல்லாமல் சொன்னாலும் அது வெஸ்லியின் சொந்தக் கணக்கே என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கொள்கிறார்கள்.

இதை இன்னொரு முறை படி. நான்கு ஆண்டில் வருமானம் நான்கு மடங்கானது. அந்த மனிதனின் தேவை ஒரு பவுண்டுகூட நகரவில்லை. எது போதும் என்பதை வருமானம் வருவதற்கு முன்பே தேவனுக்கு முன்னால் உட்கார்ந்து தீர்மானித்துவிட்டவரை எந்தச் சந்தையாலும் அசைக்க முடியாது. இதுதான் பலம்!

வசதியில் பிறந்தவருக்கு இது சுலபம் என்று நினைக்காதே. வெஸ்லி 1703இல் எப்வொர்த் என்ற ஊரில் ஒரு குருவானவரின் வீட்டில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த வீடு, கடனும் நிறைந்த வீடு. அவருக்கு இரண்டு வயதாக இருந்தபோது, 1705இல், கடனைக் கட்ட முடியாத தந்தையை லிங்கன் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். கடன் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அறிந்த வீட்டுப் பிள்ளைதான் பிற்காலத்தில் பணத்தைக் காலடியில் போட்டு ஆண்டது. உன் வீட்டிலும் கடன் இருந்ததா? அதைச் சாக்காக்காதே. அங்கிருந்தே எழும்பு.

அவரும் ஒரே நாளில் இந்த இடத்துக்கு வந்துவிடவில்லை. ஆக்ஸ்போர்டில் கடுங்குளிர் நாளொன்றில், அவரும் நண்பர்களும் படிக்கவைத்த ஏழைச் சிறுமி ஒருத்தி மெல்லிய துணி உடையோடு அவர் அறைக்கு வந்தாள். போர்த்த வேறு எதுவும் இல்லையா என்றால், இதுதான் இருக்கிறது என்றாள். பைக்குள் கைவிட்டார், காசு ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. சற்று முன்தான் அந்தப் பணத்தில் சுவரை அலங்கரிக்கப் படங்கள் வாங்கியிருந்தார். என் எஜமான் இதைப் பார்த்து, நல்ல உக்கிராணக்காரன் என்று என்னை மெச்சுவாரா என்று தன்னையே குத்திக் கேட்டுக்கொண்டார். முதுமையில் உடையைப் பற்றிப் பிரசங்கம் செய்தபோதும் அந்தச் சிறுமியை அவர் மறக்கவில்லை. படம் வாங்குவது பாவமா? சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் நம் சுவரில் தொங்குவதற்கும் இன்னொருவர் முதுகில் இல்லாததற்கும் தொடர்பு உண்டு என்று கண்டுகொண்டவர் பழைய மாதிரி கடைக்குள் நுழைய முடியாது.

மிச்சம் பிடித்தது எங்கே போனது என்று பார், உனக்கு ரத்தம் சூடேறும். 1746இல் தேநீரை விட்டார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது விலை கூடிய பண்டம். லண்டன் சபையாரையும் விடச் சொல்லி, அந்தக் காசை ஏழைகளுக்குத் திருப்பினார். அதே ஆண்டில் 30 பவுண்டும் சில்லறையும் திரட்டி ஒரு கடன் நிதியைத் தொடங்கினார். ஒருவருக்கு ஒரு தடவையில் ஒரு பவுண்டு. மூன்று மாதத்துக்குள் வாராவாரம் திருப்பிக் கட்ட வேண்டும். பதினெட்டு மாதத்தில் 255 பேர் அதனால் கைதூக்கிவிடப்பட்டார்கள். பிற்காலத்தில் அந்த நிதியில் ஐந்து பவுண்டு கடன் வாங்கிய ஜேம்ஸ் லாக்கிங்டன் என்ற செருப்புத் தைப்பவர், லண்டனின் மிகப் பெரிய புத்தக வியாபாரிகளில் ஒருவராக உயர்ந்தார். யாரோ குடிக்காமல் விட்ட ஒரு கோப்பைத் தேநீருக்குள் இன்னொருவரின் எதிர்காலம் இருந்திருக்கிறது!

இந்தச் சிக்கனத்தின் வேர் சுவிசேஷத்திலேயே இருக்கிறது. ஐயாயிரம் பேருக்கு அப்பம் பெருக்கிய இயேசு, பந்தி முடிந்ததும் செய்த முதல் காரியம் என்ன? மீதியான துணிக்கைகளை வீணாகாமல் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. நினைத்த மாத்திரத்தில் இன்னும் ஐயாயிரம் அப்பம் உண்டாக்கக்கூடியவர் துணிக்கையைத் தரையில் விடவில்லை. சிக்கனம் என்பது ஏழைகளின் வேலை என்று ஏளனம் பேசுகிறவர்கள் அந்தப் புல்தரைக்கு வந்து பார்க்கட்டும். அங்கே குனிந்து பொறுக்கியது வறுமையா? நிறைவு!

நம் நாட்டிலேயே மிசோரம் பெண்கள் 1910 முதல் முதலில் எடுத்துவைத்துக் கொடுப்பதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். சமைக்க அரிசி அளக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடியைத் தேவனுக்கென்று தனியே எடுத்து வைப்பார்கள். சபை அதைச் சேர்த்து விற்று ஊழியத்துக்குப் பயன்படுத்தும். பிடியரிசிக் காணிக்கை நம் தென் மாவட்டச் சபைத் தாய்மார்களுக்கும் பழக்கமானதுதான். உலை கொதிக்கும் முன் எடுக்க வேண்டும் என்பதில் இருக்கிறது அதன் வீரியம். சாப்பிட்டு மீந்ததைக் கொடுக்க நம்பிக்கை தேவையில்லை. அளக்கும்போதே எடுத்துவைக்க விசுவாசம் வேண்டும்.

இங்கே ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும். சிக்கனத்தின் பேரால் வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் கூலியில் கைவைக்கிறவரும், காய்கறிக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு மண்டபத்துக்கு லட்சங்களைக் கொட்டுகிறவரும் செய்வது பேராசை. அதற்கு ஜெபப் போர்வை போர்த்த வேண்டாம். ஒரு வேளைக்கே வழியில்லாதவரிடம் போய்ச் சிக்கன உபதேசம் செய்வதும் கொடுமை. ஏழைகள் சோம்பலால் ஏழைகளானார்கள் என்று லண்டனில் வசதியானவர்கள் பேசியபோது, நிலவறைகளிலும் மாடியறைகளிலும் ஏறி இறங்கிப் பார்த்த வெஸ்லி, 1753இல், அது அப்பட்டமான பொய் என்று கொதித்து எழுதினார். இந்தச் சிக்கனம் யாருக்கு? மிச்சம் பிடிக்க இடமுள்ள உனக்கும் எனக்கும்.

1776இல் வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி கட்டச் சொல்லி அரசு அதிகாரிகள் வெஸ்லிக்குக் கடிதம் போட்டார்கள். புகழ்பெற்ற மனிதர், ஒளித்து வைத்திருப்பார் என்று சந்தேகம். லண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு, ஆக நான்கு வெள்ளிக் கரண்டிகள் இருக்கின்றன, சுற்றிலும் பலர் அப்பத்துக்கு ஏங்கும்வரை இனி வாங்கப் போவதில்லை என்று பதில் எழுதினார். ஒளிக்க ஒன்றும் இல்லாதவரின் நிமிர்வு அது. வருமான வரி நோட்டீஸ் வந்தால் உனக்கு அந்த நிமிர்வு இருக்குமா?

81 வயதில், 1785 ஜனவரியில், ஏழைகளுக்கு உடை வாங்க ஐந்து நாள் லண்டன் தெருக்களில் நடந்து 200 பவுண்டு பிச்சையெடுத்தார். கணுக்கால் வரை உருகும் பனி. முடிவில் நோயில் விழுந்தார். அந்த வயதில் அப்படி நடக்க வைத்தது எது என்று யோசி. காக்க வேண்டிய சொத்து இருந்திருந்தால் கணப்புக்கு அருகில் உட்கார்ந்திருப்பார்.

அவருக்குக் கடைசிவரை தீராத வேதனை ஒன்றுண்டு. அவரைப் பின்பற்றிய மெதடிஸ்டு மக்கள் உழைத்தார்கள், வீண்செலவை விட்டார்கள், அதனாலேயே பணக்காரர்களானார்கள்; கொடுப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். 1789இல், 86 வயதில், கிறிஸ்தவம் ஏன் உலகில் பலன் தரவில்லை என்று கேட்டு எழுதிய பிரசங்கத்தில் அவர் அவர்களையே நேருக்கு நேர் குற்றம் சாட்டினார். மிச்சம் பிடித்ததைப் பூட்டி வைப்பவரைவிட ஊதாரியே மேல் என்பேன். ஊதாரியிடமிருந்து நாலு பேருக்காவது காசு போகிறது.

இறந்த ஆண்டுக்கு முந்தின ஆண்டின் ஜூலை வரை தன் கையால் வரவுசெலவு எழுதியவர் அவர். நீயும் இன்றிரவு ஒரு நோட்டை எடு, தம்பி. மூன்று மாதச் செலவை ஒளிவுமறைவில்லாமல் எழுது. இணையத்தில் வாங்கிப் பிரிக்காமல் கிடக்கும் பொட்டலத்தையும், வட்டிக்கு வாங்கிப் போட்ட மொய்யையும் சேர்த்து எழுது. கடன் இருந்தால் முதல் வரி அதற்கு. பிறகு முழங்கால் போட்டு உன் எண்ணைக் கேள். பிள்ளைகளின் படிப்பும் பெற்றோரின் மருந்தும் அடங்கிய எண். அதன் கீழே அழுத்திக் கோடு போடு. ஊதிய உயர்வுக் கடிதம் வருவதற்கு முன்பே, அந்தக் கோட்டுக்கு மேலே வரப்போகும் பணம் எந்த வீட்டுக்குப் போகும் என்று பெயர் எழுதி வைத்துவிடு.