பதினோராம் எண் குடில்

ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் நாவல்களில் சண்டைக்குப் பஞ்சமே இல்லை. மினோட்டார் துரத்துகிறது, மெடூசா கடை போட்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒலிம்பஸ் மலையோ நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு 600-ஆவது மாடியாகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் என் மனசில் தங்கிப்போனது ஒரு தரை.

லாங் ஐலண்டில், கிரேக்க தெய்வங்களுக்கு மனிதர்களிடம் பிறந்த பிள்ளைகளுக்கென ஒரு முகாம் இருக்கிறது. தெய்வத்துக்கு ஒரு குடில். ‘இது என் பிள்ளை’ என்று அப்பனோ அம்மாவோ ஓர் அடையாளம் காட்டினால்தான் பிள்ளைக்கு அந்தக் குடிலில் இடம். காட்டாவிட்டால் 11-ஆம் எண் குடில். அது ஹெர்மிஸுடையது. வழிப்போக்கர்களின் தெய்வம் என்பதால் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்கிறது. கட்டில் போதாது, தரையில்தான் படுக்கை. சில பிள்ளைகள் வருஷக்கணக்காக அங்கேயே கிடக்கிறார்கள்.

அந்தக் குடிலுக்குத் தலைவன் லூக், ஹெர்மிஸின் சொந்த மகன். முதல் நாவலில் (2005) ஜீயஸின் இடியைத் திருடியவன் அவன்தான் என்று தெரியவந்தபோது எனக்கு அவன்மேல் அப்படியொரு கோபம். துரோகி, அவ்வளவுதான். ஐந்தாவது நாவலை (2009) போன வருஷம் மறுபடி படித்தேன். இந்தமுறை கோபம் வரவில்லை. அவன் சொன்ன குற்றச்சாட்டு ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பொய்யில்லை. அவன் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஓடிப்போன மகன் இன்றைக்கு வருவான், இன்றைக்கு வருவான் என்று தின்பண்டம் செய்து கருகவிட்டுக்கொண்டிருக்கிறாள். அப்பனுக்கு எல்லாம் தெரியும். ‘விதியில் தலையிடக் கூடாது’ என்று ஒதுங்கிக்கொண்டான்.

சரி, அப்போ லூக் நல்லவனா? அப்படியும் சொல்ல முடியாது. நியாயம் கேட்க அவன் போய்ச் சேர்ந்த இடம் குரோனோஸ், பெற்ற பிள்ளைகளையே விழுங்கியவன். லூக் திரட்டிய படையிலும் அதே கைவிடப்பட்ட பிள்ளைகள்தான். நெமிசிஸின் மகன் ஈதன், தன் அம்மாவுக்கு அந்த முகாமில் ஒரு குடில்கூட இல்லை என்ற வலியோடு அந்தப் பக்கம் போனவன், கடைசியில் செத்துப்போகிறான். இந்தப் பக்கமும் சாவு. தெய்வங்களின் கடனை லூக் அடுத்தவர் பிள்ளைகளின் உயிரால் வசூலிக்கப் பார்த்தான்.

இந்தக் கேள்வி ரியோர்டன் கண்டுபிடித்ததில்லை. கிட்டத்தட்ட 2400 வருஷத்துக்கு முன்பே யூரிப்பிடீஸ் ‘அயோன்’ நாடகத்தில் இதைத் தொட்டுவிட்டார். அப்போலோ வலுக்கட்டாயமாகக் கிரூசாவைக் கூடியதில் பிறந்த குழந்தையை அவள் ஒரு குகையில் விட்டுவிடுகிறாள். அப்பன் யாரென்றே தெரியாமல் அவன் டெல்ஃபி கோயிலில் ஊழியனாக வளர்கிறான். குழந்தையை அங்கே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டவன் வேறு யாருமில்லை, ஹெர்மிஸ்! முடிவில் எல்லாம் வெளியே வரும்போது அப்போலோ வருவதில்லை, அத்தீனாவை அனுப்பிவிடுகிறான். நேரில் வந்தால் பழைய கதைக்குத் திட்டு வாங்க வேண்டிவரும். அங்கே தெய்வத்தை நிறுத்திக் கேட்க யாருக்கும் பலமில்லை.

பெர்சிக்கு அந்தப் பலம் கிடைக்கிறது. போர் முடிந்ததும் சாகாவரம் தருகிறேன் என்கிறார் ஜீயஸ். வேண்டாம் என்கிறான். அதற்குப் பதில் எல்லாத் தெய்வங்களும் ஸ்டிக்ஸ் ஆற்றின் மேல் சத்தியம் செய்ய வேண்டும். 13 வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையையும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சிறு தெய்வங்களுக்கும் குடில் வேண்டும். தெய்வங்கள் சத்தியம் செய்கின்றன. படிக்கும்போது கண் கலங்கும் இடம்.

ஆனால் போர் நடந்திராவிட்டால் இந்தக் கோரிக்கையை யாராவது காதில் போட்டிருப்பார்களா? மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒலிம்பஸ் விழப்போனதால்தான் காது திறந்தது. இனி இப்படி நடக்க விடாதே என்று பெர்சியிடம் கேட்டுக்கொண்டு செத்ததும் லூக்தான், குரோனோஸை அழிக்கத் தன்னைத்தானே குத்திக்கொண்டு. பயத்தை உண்டாக்கியவன் பிணமாகக் கிடக்க, பணிவாகக் கேட்டவனுக்குப் பேர் கிடைக்கிறது.

இதை எழுதும்போது கை கூசுகிறது. நான் படித்த கல்லூரியின் விடுதியில் சாப்பாடு மோசம். சோற்றில் புழு. எழுதிக் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் ராத்திரி என் அறை நண்பன் சமையலறை ஜன்னலில் கல்லெறிந்தான். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் கையில் கண்ணாடி கிழித்து ஆறு தையல். மாதம் முழுக்க உழைத்தும் எங்களைவிட மோசமாகச் சாப்பிட்டவர் அவர். அவனை நீக்கிவிட்டார்கள். அடுத்த மாதமே உணவுக் கமிட்டி போட்டார்கள், சாப்பாடு திருந்தியது. கமிட்டியில் நானும் ஒருத்தன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவன் கேட்டான், “புழு இருந்துச்சா இல்லையாடா? அத மட்டும் சொல்லு.” நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கோபம் உண்மையாக இருப்பதால் கல் நியாயமாகிவிடாது. அந்த அக்காவின் கை அதற்குச் சாட்சி. அதேபோல, கல் தப்பு என்பதால் புழு பொய்யாகிவிடாது. அதிகாரத்தில் இருப்பவர்கள் எப்போதும் செய்வது இந்த இரண்டாவது கழித்தலைத்தான்: ‘அவன் என்ன பண்ணினான் பார்த்தீர்களா’ என்று காட்டி, அவன் என்ன கேட்டான் என்பதை மறைத்துவிடுவது. இரண்டும் தனித்தனிக் கணக்கு. ஒன்றில் ஒன்றைக் கழிக்க முடியாது.

பெர்சி லூக்கை மன்னித்தானா என்பது எனக்கு இப்போது முக்கியமாகப் படவில்லை. ஜெயித்த பிறகு, சபையில் எல்லோர் முன்னாலும், தோற்றவனின் கேள்வியைத் தன் வாயால் கேட்டான். நல்ல சாம்பார் ஊற்றிச் சாப்பிட்ட மூன்று வருஷத்தில் நான் அதைக்கூடச் செய்யவில்லை. இருந்துச்சுடா, புழு இருந்துச்சு.